நீரைத் தொடும் உரிமையும் நீரை அளக்கும் உரிமையும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்த தோழரின் நினைவாக ஓர் இலக்கிய மன்றம் நடத்தும் கூட்டம் இது. இங்கே சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையை எப்படி அளப்பது, அதன் நீரை எப்படிச் சோதிப்பது என்று பேச வந்திருக்கிறேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தலித் இலக்கியம் தொடக்கம் முதல் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: நம்மைப் பற்றிய பதிவை யார் எழுதுகிறார்கள்? சாதி பற்றி, சேரி பற்றி, நம் உடல் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்ததை மறுத்து நாமே எழுதத் தொடங்கினோம். நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய பதிவையும் யாரோதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1. இருவகை அசுத்தம்

தண்ணீரைப் பற்றிப் பேசும் எந்தத் தலித் மேடையும் மகாட்டிலிருந்துதான் தொடங்க முடியும். பொதுநீர்நிலைகளைத் தாழ்த்தப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. நம் சென்னை மாகாணத்திலும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலையையும் பொதுக்கிணற்றையும் பொதுக்குளத்தையும் எல்லோருக்கும் உரியதாக அறிவித்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையிலிருந்த தூரத்தை 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து கடந்தார்கள். சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் செய்ததை நினைவுபடுத்துகிறேன். குளம் தீட்டாகிவிட்டது என்றார்கள். சாணம், கோமியம், பால், தயிர் இவற்றை 108 குடங்களில் கலந்து குளத்தில் கொட்டி, மந்திரம் ஓதி, நீர் தூய்மையாகிவிட்டது என்று அறிவித்தார்கள். நல்ல தண்ணீரில் சாணத்தைக் கொட்டிவிட்டு அதற்குச் சுத்திகரிப்பு என்று பெயர் வைத்தார்கள்.

இது ஒரு நீர்த்தர அறிக்கை. நீரை யார் தொட்டார்கள் என்பது மட்டுமே இதில் அளவுகோல். நீருக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது. அறிவிக்கும் அதிகாரம் ஒரு சாதியிடம் இருந்தது, அறிவிப்பை ஏற்கும் கடமை இன்னொரு சாதிக்கு இருந்தது. பிறகு வழக்குத் தொடுத்தார்கள். குளம் தனியார் சொத்து, தொன்றுதொட்ட வழக்கம் என்றார்கள். தொன்றுதொட்ட வழக்கத்தை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச் 17ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு கை நீரைக் குடித்தது செல்லும் என்று காகிதத்தில் ஏற பத்து ஆண்டுகள் ஆயின.

இன்னொரு வகை அசுத்தமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாதது, நாக்குக்கும் தெரியாதது. காட்மியம், பாதரசம், ஈயம், ஆர்சனிக் போன்றவை. சுரங்கமும் உருக்காலையும் உள்ள இடத்தில் ஓடைநீரில் வருபவை. இவை யார் தொட்டாலும் வருவதில்லை, மந்திரத்தால் போவதும் இல்லை. கருவியால் அளந்தால்தான் தெரியும். ஆகவே இங்கே சாதிக்கு இடமில்லை, அறிவியல் எல்லோருக்கும் பொது என்று தோன்றலாம். ஆனால் கருவி யார் கையில், எந்த நாளில், ஓடையின் எந்த இடத்தில் என்ற கேள்விகள் வந்தவுடன் பழைய கேள்வி திரும்பி வந்துவிடுகிறது: அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு?

2. அளந்தவர்கள் நாம்

தண்ணீரை அளப்பது படித்தவர் வேலை என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. தமிழ்நாட்டின் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, நீராணிக்காரர் என்று இடத்துக்கு ஒரு பெயரில் அழைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். மடையைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று பிரித்து விடுவதும், மழையிரவில் கரையில் நடந்து கசிவு பார்ப்பதும் அவர்கள் வேலை. பல மாவட்டங்களில் இது தலித் குடும்பங்களின் பரம்பரைப் பணி. கூலி நெல்லாக வந்தது.

ஏரியில் நீர் எத்தனை நாளைக்கு வரும் என்று கரையில் நின்று பார்த்தே சொல்லக்கூடியவர் அவர். மடைவாயில் நீர் எழுப்பும் ஓசையிலிருந்தே வேகம் தெரியும் அவருக்கு. ஆனால் அவர் பங்கிட்டுவிட்ட நீரில் பெரும்பாலும் அவருக்கு வயல் கிடையாது. அந்த நீரைக் குடிக்கும் உரிமை பல ஊர்களில் கிடையாது. அவர் அறிவு ஊர்க்கணக்கில் ஏறவில்லை. கணக்கு எழுதியவர் வேறு.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நம்மிடம் அறிவு இல்லாமல் இருந்ததில்லை, பதிவுதான் நம்மிடம் இல்லாமல் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஓடைக்கரையில் வாழும் மக்கள் தங்கள் பதிவைத் தாங்களே வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் ஒரு தெளிவான சான்று உண்டு. அது ஜப்பானில் இருக்கிறது.

3. ஜின்சு ஆற்றங்கரை

ஜப்பானில் கிஃபு மாநிலத்து மலையில் கமியோக்கா என்ற சுரங்கம் இருந்தது. மித்சுயி நிறுவனம் நடத்தியது. ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு காட்மியம் கலந்திருக்கும். தாதுவைக் கழுவிய நீரும் கழிவு வண்டலும் தகஹாரா ஆற்றில் விழுந்தன. அந்த ஆறு ஜின்சு ஆற்றில் சேர்ந்து தொயாமா சமவெளியின் நெல்வயல்களுக்குள் பாய்ந்தது. போர்க்காலங்களில் உலோகத்துக்குத் தேவை பெருகியபோது கழிவும் பெருகியது. மீன் செத்தது. நெல் விளைச்சல் குறைந்தது. அந்த நீரையே மக்கள் குடித்தார்கள், அந்த அரிசியையே உண்டார்கள்.

பிறகு பெண்களுக்கு நோய் வந்தது. பல பிள்ளைகளைப் பெற்று நடுவயதைத் தாண்டிய உழவர் வீட்டுப் பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வந்தது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. உடலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கழிந்து எலும்பு மெலிந்தது. இருமினால் விலா எலும்பு முறிந்தது. உடல் குறுகியது. ‘இதாய், இதாய்’ என்று அரற்றினார்கள். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள். அதுவே நோயின் பெயராகிவிட்டது.

நோயின் காரணம் என்று ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? முன்வினை என்றார்கள். பௌத்தத்தின் கர்மம் என்ற சொல்லையே கொண்டு, இது வினைநோய் என்றார்கள். அந்தப் பெண்கள் ஏதோ பாவம் செய்தவர்கள். வீட்டார் அவர்களை உள்ளறையில் வைத்தார்கள். வெளியே தெரிந்தால் ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அரிசி விற்காது என்ற அச்சமும் இருந்தது. வினை என்ற சொல் இங்கே நமக்கு என்ன செய்தது என்று அறிந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஒருவர் மீது சுமத்தப்பட்ட கேட்டுக்கு அவரையே காரணமாக்கும் சொல் அது. ஜின்சு ஆற்றங்கரையிலும் அதே வேலையைச் செய்தது.

அந்தச் சொல்லை உடைத்தது அளவீடு. ஹகினோ நொபொரு என்ற உள்ளூர் மருத்துவர் போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பியதிலிருந்து இந்த நோயாளிகளைப் பார்த்துவந்தார். நோயாளிகளின் வீடுகள் ஜின்சு ஆற்றுநீர் பாயும் பகுதிக்குள் மட்டுமே இருந்தன. வேறு ஆற்றின் நீர் பாயும் பக்கத்து ஊர்களில் நோய் இல்லை. வயலில் இன்னொன்றும் தெரிந்தது: மடைவாய்க்குப் பக்கத்திலிருந்த மண்ணில்தான் நஞ்சு அதிகம். ஆறு கொண்டுவந்த வண்டல் முதலில் படிவது அங்கேதான். 1961இல் அவரும் வேளாண் அறிஞர் யோஷியோக்கா கின்இச்சியும் காட்மியமே காரணம் என்று அறிவித்தார்கள். ஏளனம் செய்தவர்கள் பலர்.

1966இல் பாதிக்கப்பட்ட மக்கள் கொமாத்சு யோஷிஹிசா என்ற உழவரின் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். 1968 மார்ச்சில் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம், நோய்க்குக் கமியோக்கா சுரங்கத்தின் காட்மியமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது. 1971 ஜூன் 30இல் தொயாமா நீதிமன்றத்திலும், 1972 ஆகஸ்ட் 9இல் மேல்முறையீட்டிலும் மக்கள் வென்றார்கள்.

இந்தத் தீர்ப்பில் செயற்பாட்டாளர்கள் மனத்தில் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எவ்வளவு காட்மியத்தை, எத்தனை ஆண்டுகள் உட்கொண்டால் இந்த நோய் வரும் என்பதைத் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, அங்கே எந்த நீர் பாய்கிறது என்ற கொள்ளைநோயியல் சான்று போதும் என்றது. நோயாளியின் தலையில் ஆய்வகத்தை ஏற்றிவைக்க முடியாது என்பதுதான் அதன் பொருள்.

அளப்பது நம் உரிமை. ஆனால் ஒவ்வொரு மில்லிகிராமையும் நாமே நிரூபித்தால்தான் நியாயம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. ‘முதலில் ஆதாரம் கொண்டு வா’ என்பது பல இடங்களில் காலம் கடத்தும் தந்திரம். ஜின்சு மக்கள் இந்த இரண்டையும் பிரித்து அறிந்திருந்தார்கள்.

4. வென்ற பிறகு கேட்டது

மேல்முறையீட்டில் வென்ற மறுநாள், 1972 ஆகஸ்ட் 10ஆம் நாள், அவர்கள் தோக்கியோவுக்குச் சென்று நிறுவனத்தின் தலைமையகத்தில் உட்கார்ந்தார்கள். இழப்பீட்டுக்கும் மண்ணைச் சீர்செய்வதற்கும் உறுதிமொழிகள் வாங்கினார்கள். அவற்றோடு மாசுத்தடுப்பு ஒப்பந்தம் ஒன்றையும் வாங்கினார்கள். மக்கள் தேவை என்று நினைக்கும்போது, எந்த நேரத்திலும், தாங்கள் தேர்ந்த வல்லுநர்களோடு சுரங்கத்துக்குள்ளும் ஆலைக்குள்ளும் நுழைந்து கழிவுநீரைச் சோதிக்கலாம், நிறுவனம் கேட்ட ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், செலவும் நிறுவனத்துடையது. இதுதான் ஒப்பந்தம்.

பணத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் வாசலைத் திறக்கும் உரிமையைக் கேட்டார்கள். அந்த ஆண்டே முதல் ஆய்வு நடந்தது. அதன்பின் ஆண்டுதோறும் உழவர்களும் பெண்களும் வழக்கறிஞர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டமாக உள்ளே போனார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போனார்கள்.

அந்த ஆய்வுகளில் வெளிவந்த ஒன்றை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கழிவுநீர்க் குழாய்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு காட்மியம் போகிறது என்று கணக்கிடலாம். ஆலைக்கு மேலே ஆற்றில் எவ்வளவு, கீழே எவ்வளவு என்றும் கணக்கிடலாம். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு, குழாய்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லை. ஆற்றில் கூடுதலாக இருந்தது. அப்படியானால் கணக்கில் வராத வழி ஒன்று இருக்கிறது. தேடினார்கள். உருக்காலைக்கு அடியில் மண்ணில் பல்லாண்டுகளாக ஊறிய நஞ்சு நிலத்தடி நீரோடு கசிந்து, ஆலைக்குக் கீழே செல்லும் நீர்மின் கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயை மட்டும் சோதித்திருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது. ஆற்றின் நீரோட்டத்தையும் சேர்த்து அளந்ததால்தான் தெரிந்தது.

கசிவை அடைத்தார்கள். ஆற்றின் காட்மியம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, சுரங்கம் இல்லாத ஆற்றில் இயல்பாக இருக்கும் அளவுக்கு அருகே வந்தது. 860 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்களில் மண்ணை மாற்றிச் சீர்செய்யும் பணி 2012இல் முடிந்தது. 2013 டிசம்பரில் இரு தரப்பும் இறுதி உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அரசு அங்கீகரித்த நோயாளிகள் சுமார் 200 பேர், ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். அங்கீகாரம் வருமுன்பே இறந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் எந்த நோட்டிலும் ஏறாமல் போனார்கள்.

5. ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற சொல்

ஓடைநீரைப் பற்றிப் புகார் கொடுத்தால் வரும் பதில் ஒன்று உண்டு: ‘சோதித்தோம், எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது.’ இந்தச் சொல்லை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

குடிநீரில் காட்மியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். கற்பனையாக ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். கோடையில் வினாடிக்கு 100 லிட்டர் ஓடுகிறது. சோதித்தால் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வரம்பை மூன்று மடங்கு தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு அந்த ஓடை சுமந்து செல்லும் காட்மியம் 86 கிராம். அடைமழையில் அதே ஓடையில் வினாடிக்கு 2,000 லிட்டர் ஓடுகிறது. சோதித்தால் லிட்டருக்கு 0.002. வரம்புக்குள் இருக்கிறது, அறிக்கை நன்றாக இருக்கிறது. ஆனால் பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 345 கிராம். கோடையைப் போல நான்கு மடங்கு நஞ்சு நம் ஏரிக்கும் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் அதில் எங்கும் தங்காது, வண்டல் தங்கிவிடும்.

குடிப்பவருக்கு அடர்த்தி முக்கியம். வயலுக்கும் ஏரிக்கும் மீனுக்கும் மொத்தச் சுமை முக்கியம். அடர்த்தியை நீரோட்டத்தால் பெருக்கினால்தான் சுமை. நீரோட்ட அளவு இல்லாத நீர்த்தர அறிக்கை பாதி அறிக்கை. அதனால்தான் அறிக்கை கையில் வந்தால் முதலில் கேளுங்கள்: எந்த இடத்தில் எடுத்தீர்கள், எந்த நாள், எந்த நேரம், அன்றைக்கு எவ்வளவு நீர் ஓடியது?

நீரோட்டத்தைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுரங்கம் ஓடையின் நீரைக் கெடுப்பது மட்டுமல்ல, நீரின் நடையையே மாற்றிவிடும். நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. அதை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்துக்குள் வேலை நடக்கும். இறைத்த நீரில் ஒரு பகுதி பரவனாற்றிலும் அதன் வழியிலுள்ள ஏரிகளிலும் சேர்கிறது. கோடையிலும் நீர் ஓடுவதைப் பார்த்தால் வளமாகத் தெரியும். அது மழைநீரா, சுரங்கநீரா, அதே காலத்தில் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். மலைப்பகுதிச் சுரங்கங்களில் இதற்கு எதிர்மாறாக நடப்பதுண்டு: சுரங்கம் ஆழமானதும் ஊற்று வற்றி, ஓடை முன்னைவிட மாதக்கணக்கில் முந்திக் காய்ந்துவிடும். எப்போது காய்ந்தது என்று முந்தைய ஆண்டுகளில் யாரும் எழுதிவைக்காவிட்டால், ‘மழை பொய்த்துவிட்டது’ என்ற ஒரு வரியோடு விவகாரம் முடிந்துவிடும்.

6. ஒரு நோட்டு

இனிச் செய்முறை. இது கடினம் அல்ல.

மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்கு மேலே ஓர் இடம், சுரங்கநீர் ஓடையில் விழுந்து நன்றாகக் கலந்த பிறகு ஓர் இடம், நம் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம். மேலிடத்தை விட்டுவிட்டால், ‘உங்கள் ஓடை முன்பே அப்படித்தான் இருந்தது’ என்பார்கள். சுரங்கமோ கல்குவாரியோ இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள். வருவதற்கு முந்தைய ஓராண்டுப் பதிவுக்கு ஈடாகப் பின்னால் எதையும் உண்டாக்க முடியாது.

பாலத்தூணிலோ பாறையிலோ அளவுகோல் போலக் கோடு வரைந்து நீர்மட்டத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். நீரோட்டத்துக்கு, நேராக ஓடும் பத்து மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, பாதி நீர் நிரப்பி மூடிய சிறு புட்டியை விட்டு, கடக்கும் நேரத்தைப் பாருங்கள். 20 வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85ஆல் பெருக்குங்கள். அகலம் இரண்டு மீட்டர், பல இடங்களில் அளந்த சராசரி ஆழம் கால் மீட்டர் என்றால், வினாடிக்குச் சுமார் 210 லிட்டர். துல்லியம் குறைவுதான். ஆனால் ஒரே இடத்தில் ஒரே முறையில் ஆண்டு முழுக்க எடுத்தால் மாற்றம் தெரிந்துவிடும். வெள்ளத்தில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். கோட்டைப் பார்த்து எழுதினால் போதும்.

அமிலத்தன்மையையும் மின்கடத்துத்திறனையும் காட்டும் கைக்கருவிகள் இப்போது ஒரு கைப்பேசியைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கந்தகம் கலந்த பாறை காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகும். அமிலநீர் பாறையிலிருந்து உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். ஓடைக்கல்லில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் படலம் படிந்தால் அது இரும்பு, எச்சரிக்கை. இந்தக் கருவிகள் காட்மியத்தைக் காட்டாது. ஆனால் ஏதோ மாறிவிட்டது, இன்றைக்கு மாதிரி எடு என்று சொல்லும். அப்போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கோடையின் பிறகு வரும் முதல் மழையும் நடு இரவும் முக்கியமான நேரங்கள். அலுவலக நேரத்தில் எடுக்கும் மாதிரி அலுவலக நேரத்து ஓடையைத்தான் காட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வாரிய அதிகாரி உரியவருக்கு அறிவித்து, முத்திரையிட்டு, கையெழுத்திட்டு எடுத்த மாதிரியின் முடிவுதான் அந்தச் சட்டத்தின் கீழ் சான்றாகும். நாம் எடுத்த புட்டி அந்த இடத்தில் செல்லாது. பிறகு எதற்கு நோட்டு என்று கேட்கலாம். அதிகாரியை எந்த நாளில், எந்த இடத்துக்கு வரவழைப்பது என்று சொல்வது அந்த நோட்டுதான். அவர் கொடுத்த முடிவைக் கேள்வி கேட்பதும் அதுதான்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற திட்டங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், கேட்டால் தர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் மனு எழுதிக் காகிதம் வாங்குவது என்றே நினைக்கிறோம். அதன் 2(ஜே) பிரிவைப் படியுங்கள். பொது அதிகார அமைப்பின் பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடுவதும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளை எடுப்பதும் தகவல் உரிமைக்குள் அடக்கம். ஜின்சு மக்கள் ஒப்பந்தமாக வாங்கிய வாசலின் ஒரு சிறு கதவு நம் சட்டத்திலும் இருக்கிறது. தட்டியவர்கள் குறைவு.

7. யாரை நம்புகிறார்கள்

அளவீடு தானாக நியாயத்தைக் கொண்டுவந்துவிடாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பிள்ளைகள் நோயுற்றார்கள். குடிநீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். குடியிருப்பு மக்களே மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மலம் மிதந்தது. தங்கள் நீரைத் தாங்களே சோதித்த மக்கள் அவர்கள். 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, அதே தலித் மக்களில் மூவரையே குற்றவாளிகள் என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. கண்டுபிடித்துச் சொன்ன பக்கமே குற்றம் வந்து நிற்கும் நாட்டில், ஓடையில் மாதிரி எடுக்கும் இளைஞருக்கு என்ன நேரலாம் என்று நாம் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆகவே தனியாக அளக்காதீர்கள். ஜின்சுவில் சங்கம் முதலில் வந்தது, கருவி பிறகு வந்தது. நோட்டில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். படி எடுத்து வேறு ஊரில் ஒரு தோழரிடம் இருக்கட்டும். சுரங்கத்துக்குள் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்பவரும் நம் வீட்டவர்தான். ஓடை கெட்டது என்று சொன்னால் வேலை போகும் என்று அவர் அஞ்சுவார். அந்த அச்சம் நியாயமானது. அவரை எதிரியாக்கிவிட்டு எந்தப் போராட்டமும் நிற்காது. பெண்களை முன்னால் வையுங்கள். நீரை நாள்தோறும் எடுப்பவர்கள் அவர்கள். நிறமும் நாற்றமும் மாறிய நாளை முதலில் அறிபவர்கள் அவர்கள். ஜின்சுவில் நோயைச் சுமந்ததும் அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. இந்தியாவின் பெரிய ஆறுகளில் நீரோட்டத்தை அளந்து பதிவுசெய்யும் அமைப்பு மத்திய நீர் ஆணையம். அதன் தொடக்கம் 1945. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவரின் ஆலோசனைப்படி அது உருவானது. அந்த உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலனும் ஆறுகளின் நீர்க்கணக்கும் அன்றைக்கு ஒரே துறையில், அவர் மேசையில் இருந்தன. 1927இல் குளத்தில் இறங்கி நீரைத் தொட்டவர், பதினெட்டு ஆண்டுகளில் இந்த நாட்டின் ஆறுகளை அளக்கும் அமைப்புக்கு அடித்தளம் போட்டார். இரண்டையும் ஒரே பணியின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

அந்த ஆணையம் பேராறுகளை அளக்கிறது. நம் சேரிக்குப் பின்னால் ஓடும் ஓடை அதன் வரைபடத்தில் இல்லை. அதை அளக்க நாம்தான் இருக்கிறோம். இந்த அரங்கிலுள்ள மாணவர்களில் சுரங்கத்துக்கோ குவாரிக்கோ ஆலைக்கோ பக்கத்திலிருந்து வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் உங்கள் ஊர்ப்பெயரையும் ஓடையின் பெயரையும் மன்றத்துத் தோழர்களிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் ஓராண்டு எழுதிய நோட்டோடு வாருங்கள். அவற்றை இந்த மேடையிலேயே படிப்போம்.